மூன்றாம் பிரஸ்ஸுக்கு ஒரு நிமிடம் கூடுதல்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஆறு பிரஸ்கள் ஓடின. தண்ணீர் பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்வோம். ரப்பர் கலவையை வெட்டி அச்சில் வைத்து, பிரஸ்ஸின் சூட்டில் அழுத்தினால் சில நிமிடங்களில் வளையம் வெந்து வரும். எந்த வளையத்துக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பதில்தான் முழுத் தொழிலும் இருந்தது. அது எங்கும் எழுதப்படவில்லை. கொஞ்சம் முதலாளிக்குத் தெரியும். மீதி முழுவதும் அச்சு மாட்டும் அண்ணனுக்குத் தெரியும்.

முதலாளி பொன்னேரிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நேர்முகத்தில் என்னை எதுவும் கேட்கவில்லை. தன் குறையைத்தான் சொன்னார். பம்பு கம்பெனிக்காரர்கள் இரண்டு மடங்கு ஆர்டர் தரத் தயாராம். ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்களாம்.

"'உங்கள நம்புறோம், உங்க கம்பெனிய நம்ப முடியல'ன்றாங்க. இன்னாமா அர்த்தம் அது?"

"நீங்க இல்லாத நாள்லயும் இதே வளையம் வரணும்னு கேக்குறாங்க சார்."

"நாளைக்கே வந்துரு," என்றார்.

நான் அதுவரை சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் தரப் பிரிவில் இருந்தேன். அங்கே நான் நிரப்பிய படிவங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் செய்வது கண்ணெதிரே ஓடும், அல்லது கண்ணெதிரே விழும். அதற்காகவே திருநின்றவூரிலிருந்து ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, தினமும் வரச் சம்மதித்தேன்.

முதலில் விழுந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன். மணிக்கு ஒரு முறை சூடு, அழுத்தம், நேரம், எண்ணிக்கை எல்லாம் குறிக்க வேண்டும். தாள்கள் ஒழுங்காக நிரம்பி வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அன்றைய தாளிலும் எல்லா மணிக்கும் ஒரே சூடு எழுதியிருந்தது.

பிரஸ் ஓட்டுபவர்களிடம் போய்க் கேட்டேன். கோபப்படாமல் கைகளை விரித்துக் காட்டினார்கள். விரல் ரேகை தெரியாத அளவுக்குக் கரி. இந்தக் கையோடு எழுதினால் தாள் பாழாகும் என்பதால், சாயங்காலம் கை கழுவிவிட்டு மொத்தமாகப் போட்டுவிடுகிறார்களாம்.

வளையத்தின் பிசிறை வெட்டும் மேசையில் இருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"நீ கேக்குறதெல்லாம் உனக்கு வேண்டியது. எங்களுக்கு இன்னா வேணும்னு ஒரு நாளாவது கேட்டியா? மூணாவது பிரஸ்ஸு வளையம் அப்பப்ப பிசுபிசுன்னு வருது. கையில எடுத்தாலே தெரியுது. அத்த யாராண்ட சொல்றது, எங்க போடுறதுன்னுதான் தெரியல."

முகம் சுட்டது. அன்றே அவர் மேசையில் ஒரு சிவப்புத் தட்டு வைத்தேன். சந்தேகப்பட்ட வளையம் எதுவானாலும் அதில் போடலாம். பிரஸ் எண்ணைச் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்வேன்.

அடுத்த வாரமே அச்சு மாட்டும் அண்ணன் தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பழவேற்காடு போனார். ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம் அவருடையது. நான்கு நாள் விடுப்பு. அந்த நான்கு நாளும் சிவப்புத் தட்டு நிரம்பியது. எல்லாம் மூன்றாம் பிரஸ். அவருடைய எண்ணுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. முதலாளி சூட்டைக் கூட்டினார், குறைத்தார், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அந்த பிரஸ்ஸை நிறுத்தினோம்.

அண்ணன் வந்ததும் ஒரு வரியில் முடித்தார். "அத்தோட மீட்டரு சூட்ட ஜாஸ்தியா காட்டும். ஒரு நிமிஷம் கூட வெக்கணும். அவ்ளோதான்."

"ஏன்ணே இத யாருக்கும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அன்றே ஒரு திட்டம் போட்டேன்: அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் அட்டை. பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தந்த பிரஸ்ஸில் மாட்ட வேண்டும். யாரும் எதுவும் நிரப்ப வேண்டாம், பார்த்தால் போதும். திட்டத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்குமா? அட்டையே போதுமே."

அன்று ரயில் முழுக்க அதையே யோசித்தேன். அவர் பயம் நியாயமானது. மறுநாள் முதலாளியிடம், "அவர் எழுதித் தரணும்னா, அவர் என்னவா இருக்கப் போறார்னு நீங்க முதல்ல சொல்லணும்" என்றேன்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார். "ஆர்டர் வந்தா பக்கத்துல ரெண்டாவது ஷெட்டு போடப்போறேன். அங்கயும் இங்கயும் நீ ஒருத்தனே நிக்க முடியுமா? ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு."

"வாயில சொன்னா எப்டி சார்? எழுதிக் குடு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முதலாளி லெட்டர்பேடை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "உக்காருமா, எங்கருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு அட்டையையும் பிரஸ்ஸில் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திட்டார். இரண்டு இடங்களில் தன் ஞாபகமே தவறு என்று கண்டுபிடித்து, தானே அடித்துத் திருத்தினார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த அட்டையிலும் ஓர் எண்கூட மாறக்கூடாது என்று விதி வைத்தேன். முதலாளிக்கும் அதே விதிதான்.

பம்பு கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா பார்வையிட வந்தார். நேராக மூன்றாம் பிரஸ்ஸுக்குப் போய், அதை ஓட்டிக்கொண்டிருந்த ஒடிசாக்காரரிடம், "இங்க மட்டும் ஏன் ஒரு நிமிஷம் கூட?" என்று கேட்டார். முதலாளி வாயைத் திறந்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். ஒடிசாக்காரர் அட்டையைத் தொட்டுக்காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "மீட்டர் பொய் சொல்லும் மேடம்" என்றார்.

"அப்ப மீட்டர மாத்த வேண்டியதுதானே?"

மீட்டரின் கோளாறு அண்ணன் மனதுக்குள் இருந்தவரை, மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுதி மாட்டியதும் வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த வாரமே மீட்டரை மாற்றினோம். புது அட்டையில் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் வந்தது. இன்று இரண்டு ஷெட்டுகளில் பதினொரு பிரஸ்கள் ஓடுகின்றன. புது ஷெட்டைத் தொடங்க ஒரு வாரம்தான் பிடித்தது; அட்டைகளை நகலெடுத்து மாட்டினோம், புது பிரஸ்களில் ஓட்டிப் பார்த்துத் திருத்தினோம், அவ்வளவே. பிசிறு வெட்டும் அக்காதான் இப்போது இரண்டு ஷெட்டுக்கும் சோதனைப் பொறுப்பு. அவர் வேண்டாமென்றால் பெட்டி வண்டியேறாது.

போன பொங்கலுக்கு அண்ணன் ஒரு வாரம் ஊருக்குப் போனார். நான்காம் நாள் அவரே போன் பண்ணினார். "இன்னாமா, ஒருத்தன்கூட கூப்புடல? ஓடுதா இல்லையா?" குரலில் லேசான வருத்தம். ஓடுகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு வரேன்" என்றார்.

இப்போது நான் கலவை வாங்கும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறேன். எது தீர்கிறது, எப்போது புது லோடு சொல்லிவிட வேண்டும் என்பதெல்லாம் இன்னும் முதலாளியின் ஞாபகத்தில்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியும்மா, பேஜாரு பண்ணாத" என்கிறார். நாளைக் காலை நாஷ்டா முடித்ததும் கிடங்குக்கு வருவதாகச் சம்மதித்திருக்கிறார். நோட்டோடு காத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.