அரைக் கோப்பைத் தேநீர்

எண்பதுகளில், சுவிஸின் எங்கடின் மலைப்பள்ளத்தாக்கு விடுதியொன்றில் என்னோடு பாத்திரம் கழுவியவர், அதற்கு முன் கரீபியன் தீவுகளுக்கிடையே அவசரமின்றி ஆறுதலாக ஓடும் உல்லாசப் பாய்மரப் படகொன்றில் சமையல்காரர். அகன்ற தோள்காரர். சமையலறையிலும் கால்களை அகட்டியே நிற்பார். தேநீரை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றமாட்டார்.

“அண்ணை, இது மலை. ஆடாது. நிரப்பிக் குடியுங்கோவன்.”

“கரை தெரிஞ்சாலும் நங்கூரம் போடுமட்டும் அரைக் கோப்பைதான் தம்பி. காத்து வரும், அவசரமில்லை.”

இருவரும் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தோம். எனக்குத்தான் நித்திரையில்லை, அவர் குறட்டை விட்டார்.

ஒரு காலை, இந்த நாட்டில் இருக்கலாம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். தூக்கியபோது, வாய்க்குப் போகுமுன்பே பாதி மேசையில் சிந்தியது.

“பாத்தியோ, இதுக்குத்தான் சொன்னனான்,” என்று சிரித்தார்.