கழுத்துத் தையல்

பாறசாலையில் மோகனன் நடத்தும் நைட்டி தைக்கும் கூடத்தில் ஷிஜாதான் சூப்பர்வைசர். பள்ளி முடித்த கையோடு மிஷினில் உட்கார்ந்தவள். வேகத்தில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. செல்போனில் கணக்கு அட்டவணை போடுவதையும் தப்புத் தப்பாகப் போட்டுப் பார்த்து அவளாகவே படித்துக்கொண்டாள்.

அந்த அட்டவணைதான் அங்கே தைக்கும் சுகுமாரிக்கு வினையாக வந்தது. தினமும் யார் எத்தனை தைத்தார்கள் என்று ஷிஜா அனுப்பிய கணக்கில் சுகுமாரி எப்போதும் கடைசி. ஓணம் கழிந்ததும் அவளை நிறுத்திவிடலாம் என்றார் மோகனன். ஐம்பது தாண்டியவளை வேறு எந்தக் கூடத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

சுகுமாரி தைத்தது பிரியாது என்று ஷிஜாவுக்குத் தெரியும். வாயால் சொன்னால் எடுபடாது. கழுத்துத் தையல் பிரிந்து கடைகளிலிருந்து திரும்பி வந்தவற்றை எண்ணி, நிறம் நிறமாகக் கோடு போட்டுப் போனை நீட்டினாள். மோகனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எனக்குப் படம் காட்டாதே மக்கா. துணியக் காட்டு."

தைக்கிறவர்கள் கழுத்தின் உள்பக்கம் அவரவர் நிற நூலில் சின்ன முடிச்சுப் போடுவது அந்தக் கூடத்து வழக்கம். ஷிஜா திரும்பி வந்த மூட்டையை வெட்டு மேசைமேல் கவிழ்த்து, முடிச்சைப் பார்த்துப் பார்த்துக் குவித்தாள். சுகுமாரியின் மஞ்சள் ஒரு கையில் அடங்கியது. நீலம் சரிந்து தரையில் விழுந்தது. வேலை நெருக்கும்போது மிஷினில் உட்கார்ந்து ஷிஜா போடும் முடிச்சு அது. பாதியைத் திரும்ப மூட்டைக்குள் தள்ளக் கை போனது. ஒன்றை மறைத்தது தெரிந்தால் மற்றதையும் அவர் நம்பமாட்டார் என்று விட்டுவிட்டாள்.

மோகனன் வந்து குவியல்களைச் சுற்றிப் பார்த்தார்.

"அவ தைக்கியதே கொறச்சலு. திரும்பி வாறதும் கொறச்சலாத்தானே இருக்கும்?"

கேட்டது நியாயம்தான். ஷிஜா கடைக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த புதுக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு நிறத்திலும் பத்துப் பத்தாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப எல்லாருக்கும் எண்ணம் ஒண்ணுதான், பத்துப் பத்து. நீங்களே இழுத்துப் பாருங்க அண்ணா."

அவர் ஒவ்வொரு கழுத்தாக இழுத்தார். மஞ்சள் ஒன்றும் அசையவில்லை. நீலத்தில் நாலு வாய் பிளந்தன.

"இது யாருக்க?"

"எனக்க ஆக்கும்."

மோகனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகுமாரியை நிறுத்த வேண்டாம் என்றார். இனிமேல் கட்டுப் போடுமுன் எல்லாக் கழுத்தையும் சுகுமாரியே இழுத்துப் பார்க்கட்டும், சூப்பர்வைசர் தைத்ததையும் சேர்த்து.

மறுநாள் உச்சைச் சாப்பாட்டுக்கு முன்பே சுகுமாரி இரண்டு நீலத்தைக் கொண்டுவந்து ஷிஜாவின் மிஷின்மேல் போட்டாள்.

"பாறசாலையில நிக்காத வண்டி போல ஓடாதே பிள்ளே. கழுத்து வந்தா கொஞ்சம் நின்னு போ."

பக்கத்து மிஷின்களில் சிரித்தார்கள். ஷிஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. கத்தரியை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.