நான் மாட்டிய மெடல்

தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நீச்சல் பயிற்சியைத் திட்டமிட்டவன் நான். தத்தளிக்கும் தோழியைக் குதித்துக் காப்பாற்றுவதுதான் கடைசிப் பாடம். நெஞ்சளவு நீச்சல்குளத்தில் அதை அழகாகச் செய்த ஆறாம் வகுப்புச் செல்விக்கு நானே மெடல் மாட்டினேன்.

அடுத்த மாதம் இலத்தூர் குளத்தில் அவள் தோழி தவறி விழுந்தாள். செல்வி குதித்தாள். இருவரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள். தோழியின் கை செல்வியின் கழுத்தை இறுக்கியிருந்தது.

துக்கம் கேட்கப் போனேன். செல்வியின் அம்மா என்னைத் திட்டவில்லை.

"கரையில துணி அலசுன அக்கா, சேலைய எறியுதேன், பிடிச்சிக்கிடுவான்னு சொல்லிருக்கா சார். இவதான், நான் மெடல் வாங்குனவ, தள்ளுங்கக்கான்னுட்டுக் குதிச்சிருக்கா."

குதிக்காதே, துணியை எறி என்பதுதான் இப்போது என் முதல் பாடம். துணி அலசிய அந்தப் பெண்ணுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.