ஒரு முழம் வேலி

எங்கள் சித்தப்பா கம்பசில் சரித்திரம் படிப்பித்தவர். ரோமாபுரிக் கப்பல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், சொந்த ஊரைப் பற்றி எழுத நினைத்தது அதைப் பறிகொடுத்த பிறகுதான். யுத்தத்தில் ஆமி வந்து இறங்கியதும் கடற்கரையோரத்து எங்கள் ஊர் எழும்பி வந்து, அச்சுவேலியில் தெரிந்தவர் வீடுகளில் ஒதுங்கியது. எனக்கு அங்கே சிநேகிதிகள் இல்லை. தனியே இருந்து, கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவேன். இரண்டு பேருக்கும் நானே விளையாடி நானே வெல்வேன். அழுகை வரும்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயருண்டு. அந்தப் பெயர்களைத் திரட்டிப் புத்தகம் எழுதச் சித்தப்பா புறப்பட்டார். சனங்கள் பெயரைச் சொன்னார்கள். எது எதற்குப் பக்கத்தில் என்றால், கை நீட்டிக் காட்ட ஊர் இல்லாமல் விழித்தார்கள். "சரித்திரம் காலத்துக்குள்ளை நடக்குதெண்டெல்லோ படிப்பிச்சனான், அது இடத்துக்குள்ளையெல்லோ நடந்திருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். ஒருநாள், வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டமொன்றில் சாம்பலால் ஊரைப் படமாகக் கீறி, எல்லோரையும் அவரவர் காணியில் போய் நிற்கச் சொன்னார்.

வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். நின்றதும் வாய் திறந்துவிட்டது. கிணறு இங்கே, ஒழுங்கை அங்கே என்று ஒரே சத்தம்.

எங்கள் காணி புளியடிவளவு. பக்கத்தில் பெரியப்பாவின் நாவலடி. நடுவிலிருந்த வேலிக்காக அப்பாவும் பெரியப்பாவும் கோடேறி நீதிபதி முன்னால் வழக்காடியவர்கள். நான் அறிய முகம் பார்த்துக் கதைத்ததில்லை.

பெரியப்பா சாம்பல் கோட்டைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னார்: "வேலி உதிலை இல்லை. என்ரை பக்கம் ஒரு முழம் தள்ளிக் கீறியிருக்கிறாய்."

நல்ல சண்டையொன்று பார்க்கலாமென்று நான் ஓடிப்போய் நின்றேன். வேலியில் நட்ட கதியால் தடியை யாராவது ஒரு விரற்கடை நகர்த்தினாலும் கத்தியெடுக்கிறவர் அப்பா. அவர் கோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணை சொல்லுற இடத்திலையே கீறு."

"வடிவா யோசியுங்கோ, சின்னண்ணை. இது புத்தகத்திலை வரப்போகுது" என்றார் சித்தப்பா.

"ஓம், வரட்டும்."

சித்தப்பா காலால் கோட்டை அழித்துத் தள்ளிக் கீறினார். பெரியப்பா அதைப் பார்க்கவேயில்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் றோட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். வென்ற மனிதர் ஏன் இப்படிப் போகிறார் என்று நினைத்தேன்.

அன்று வீடு வரும்வரை நான் அப்பாவோடு கதைக்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு லேசாகத் தோற்றுப்போனது எனக்கு மானக்கேடாக இருந்தது. திரும்பிப் போவோமென்று கொஞ்சமாவது நம்பியிருந்தால் அப்பா அந்த ஒரு முழத்தை விட்டிருக்கமாட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரியப்பாவுக்கு விளங்கியிருக்கிறது.