பதினோரு போன் சேர்ந்து பெண் பார்த்த கதை

திருத்தணியில் இருபத்திரண்டு வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "மீட்டிங்ல சவுண்டு சரியா வரல" என்று போன் வந்தால் உடனே லேப்டாப்பைத் திட்டாதீர்கள். நான் திட்டி அசிங்கப்பட்டவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மையார்குப்பத்திலிருந்து முனிரத்தினம் அண்ணன் கூப்பிட்டார். பவர்லூம் வைத்திருக்கிறவர், என் பழைய கஸ்டமர்.

"எங்கபா கீற? எம் மவ தேவிகாவ வீடியோல பொண்ணு பாத்துகினு கீறாங்க. மாப்ள ஆஸ்திரேலியாவுல. அவங்க அப்பா அம்மாவும் அங்கதான் கீறாங்க. பேச வாயத் தொறந்தா லேப்டாப்பு ஊளையிடுது. ஓடியா!"

1. ஊளை

போய்ப் பார்த்தால் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். சத்தம் வரக்கூடாது என்று தன் வீட்டுத் தறியோடு இரண்டு பக்கத்து வீட்டுத் தறியையும் நிறுத்தி வைத்திருந்தார் அண்ணன். ஆனாலும் யாராவது ஒரு வார்த்தை பேசினால் அது இரண்டாகி, நாலாகி, கடைசியில் குக்கர் விசில் மாதிரி ஒரே கூச்சல்.

லேப்டாப்பை மியூட்டில் போட்டுவிட்டு ஒயரைப் பார்க்கக் குனிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவிகா மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு லா படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் கீது. நைனா அவங்களாண்ட நான் படிப்ப நிறுத்திட்டேன்னு சொல்லிட்டாரு. முடிச்சிட்டுதான் கல்யாணம்னு நானே சொல்லணும். அது மட்டும் தெளிவா போய்ச் சேரட்டும்ணா."

"கவலப்படாதம்மா" என்றேன். பெரிய நிபுணன் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தேன். மைக் பூஸ்ட்டைக் குறைத்தேன். ஆடியோ டிரைவரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். கொண்டுபோன புது ஹெட்செட்டை மாட்டிப் பார்த்துக் கழற்றினேன். ஊளை ஒரு சுருதிகூட இறங்கவில்லை.

தேவிகா மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கூச்சல்தான் போனது. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். ஒவ்வொரு ஊளைக்கும் தலையாட்டி, "சந்தோஷம்மா, சந்தோஷம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மூன்றாவது ஊளையைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார் அப்பா. "அப்ப தை மாசம் வச்சிக்கலாமா?" என்று அவர் கேட்டது கூடமெங்கும் தை மாசம், தை மாசம், தை மாசம் என்று சுற்றிச் சுற்றி வந்தது.

முனிரத்தினம் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "போதும்பா. இவ்ளோ கேட்டா போதும். நீ கெளம்பு" என்றார். தேவிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லேப்டாப்பைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

2. லிஸ்ட்

கடைசி முயற்சியாக, மீட்டிங்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற லிஸ்ட்டைத் திறந்தேன். பதின்மூன்று பேர். லேப்டாப் ஒன்று, ஆஸ்திரேலியா ஒன்று. மிச்சம் பதினொன்று எங்கே? முதல் பெயர் தணிகாசலம். நிமிர்ந்து பார்த்தால், அண்ணனுடைய அக்கா வீட்டுக்காரர் தணிகாசலம் என் முழங்கைக்குப் பக்கத்தில் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மைக் திறந்திருக்கிறது, ஸ்பீக்கர் ஃபுல் வால்யூம். அவர் பின்னால் இன்னொரு போன். ஜன்னலோரம் மூன்று.

அட கடவுளே!

"ஒரே ரூம்ல இத்தினி மைக்கும் இத்தினி ஸ்பீக்கரும் ஓடினா ஒண்ணு பேசறத ஒண்ணு புடிச்சி திரும்ப அனுப்பிகினே இருக்கும். ஊளை வராம இன்னா வரும்? லேப்டாப்பு ஒண்ணு போதும். எல்லாரும் மீட்டிங்க விட்டு வெளிய வந்துடுங்க" என்றேன்.

தணிகாசலம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என் மச்சான் எனக்குன்னு தனியா லிங்கு அனுப்பி, போன் பண்ணி, 'பாவா, அவசியம் வந்துடணும்'னு கூப்ட்டுகீறான். சபைக்கு வந்தவன வெளிய போன்னு சொல்ல நீ யாருபா?"

ஜன்னலோரத்துப் பெரியவர் சேர்ந்துகொண்டார். "எனக்கு லிங்கு ஃபார்வேர்டுலதான் வந்துது. அதுக்கே மனசு ஒரு மாதிரியா கீது. இப்ப வெளிய வேற போவணுமா?"

"சரி, மியூட்டாச்சும் போடுங்க."

"வாய மூடிகினு குந்துன்றான் பாரு!"

நான் வாயை மூடிக்கொண்டேன். தேவிகா எழுந்து உள்ளே போனாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் அடுக்கிய தட்டோடு வந்தாள். "கூப்ட்டவங்கள முறையா அனுப்பி வைக்கணும் நைனா" என்று தட்டை அப்பா கையில் கொடுத்தாள்.

சபை முன்னால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொருவரிடமாகப் போனார். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் பாவா." தணிகாசலம் தாம்பூலத்தை வாங்கி, ஆஸ்திரேலியாவைப் பார்த்துக் கும்பிட்டு, "போய்ட்டு வரேன்" என்று சொல்லி, லீவ் பட்டனை அமுக்கினார். பிறகு அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிபன் எப்போது என்று கேட்டார். இப்படியே பத்துப் பேர். ஃபார்வேர்டு பெரியவருக்கு மட்டும் இரண்டு பழம்.

லிஸ்ட்டில் இன்னும் ஒரு போன் பாக்கி. பெயர் முனிரத்தினம். அண்ணனுடைய சட்டைப் பையிலிருந்து கூவிக்கொண்டிருந்தது.

"நான் வீட்டுக்காரன்யா. எனக்கு யாரு தாம்பூலம் குடுக்கறது?" என்றார்.

தேவிகா தட்டைத் திருப்பி வாங்கி அவர் முன்னால் நீட்டினாள். "நான் குடுக்கறேன் நைனா."

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பட்டனை அமுக்கினார். ஊளை நின்றது.

3. தெளிவாக

"எனக்கு லா படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுங்க. முடிச்சிட்டுதான் கல்யாணம்" என்றாள் தேவிகா. மணி மாதிரி போனது.

மாப்பிள்ளை முன்னால் நகர்ந்தார். "நிறுத்திட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"நான் சொல்லலீங்க."

அந்தப் பக்கம் மியூட் ஆனது. மூன்று வாயும் அசைகிறது, கை பறக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. "இன்னா பேசிகினு கீறாங்க? சவுண்டு வையேன்பா!" என்று அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்கு என்னிடம் டிரைவர் இல்லை.

மியூட்டை எடுத்தார் மாப்பிள்ளை. "நீங்க படிச்சி முடிங்க. அப்பவும் ரெண்டு பேருக்கும் மனசு இருந்தா பேசுவோம். இப்ப தேதி எதுவும் வேணாம்." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"நல்லா கேட்டுச்சாபா அவங்களுக்கு?" என்றார் அண்ணன்.

"தெளிவா கேட்டுச்சுண்ணா."

"நாசமாப் போக" என்றார். என்னையா லேப்டாப்பையா, தெரியவில்லை. தேவிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத் தறி நின்ற அந்தக் கூடத்தில் சிரித்தது அவள் ஒருத்திதான்.

பிள்ளைகளா, ஊளை வந்தால் முதலில் லிஸ்ட்டைப் பாருங்கள். அது தொழில். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே யார் பேசுவது கேட்க வேண்டும், அது கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர் யார்? உங்களைக் கூப்பிட்டவரே அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம்.