உடல் கிடைக்காதவனின் தம்பி

துபாய், அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். ஐந்து பேர் அரியலூர், பெரம்பலூர் பக்கம். ஆறாவது ஆள் நேபாளி. நான் கம்பெனியில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம்கீப்பர். அவன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி இடுக்குகளுக்கு சிலிக்கான் பசை அடிப்பவன். இங்கே வருவதற்கு முன் எவரெஸ்டில் சுமை தூக்கியவன் என்பது 2003இல்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிகரத்தில் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்து ஐம்பது ஆண்டு ஆனதைப் பற்றி மே மாதம் பேப்பரில் படங்களோடு முழுப்பக்கம் வந்திருந்தது. அவனிடம் காட்டினேன். நாங்கள் பேசிக்கொண்டது அரைகுறை இந்தியில். அதை என் பேச்சில் எழுதுகிறேன்; அண்ணன் என்ற பொருளில் அவன் சொன்ன ‘பாய்’ மட்டும் அப்படியே.

“அந்தக் குழுவுக்குச் சுமை தூக்க நூத்துக்கணக்குல ஆளுங்க போனாங்க பாய். எங்க பெரியப்பாவும் போனாரு. படத்துல இருக்க மாட்டாரு” என்றான். “நானும் மூணு வருஷம் போனேன். கடைசி வருஷம் கூட வந்த ஒருத்தன் மூச்சு வாங்கி உக்காந்தான். எழுந்திருக்கவே இல்ல. அப்படியே விட்டுட்டு இறங்குனோம். அதுக்கப்புறம் அம்மா என்னை விடல. இப்ப அண்ணன் மட்டும் போறான்.”

அடுத்த ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பனிப்பிளவின் மேல் ஏணி போட்டுக் கடக்கும் இடத்தில் மேலிருந்து பனிப்பாறை சரிந்து, அண்ணன் ஏணியோடு உள்ளே போய்விட்டான். இரண்டு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நான் மேனேஜரிடம் போனேன். சென்னைக்காரர். பாஸ்போர்ட் எல்லாம் அவர் பொறுப்பில்தான்.

“காரியத்துக்குன்னா அனுப்பலாம்பா. பாடியே இல்லங்கற. போய் என்ன பண்ணப் போறான்? டவர் வேலையை முடிச்சு ஒப்படைக்கணும். டிசம்பர்ல லீவு பாத்துக்கலாம்.”

“கூடப் பொறந்தவன் சார்.”

“நீ உன் டூட்டி ஷீட்டைப் பாரு.”

வெளியே நின்றிருந்தவனிடம் சொன்னேன். அவன் ஒன்றுதான் கேட்டான்: “பாடி கிடைச்சிருந்தா விட்டிருப்பாங்களா பாய்?”

“விட்டிருப்பாங்க.”

தலையாட்டிவிட்டு சேஃப்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான் அவன் பெயருக்கு நேரே வருகை போட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கொக்கியைக் கழற்றிவிடுவானோ என்று பயந்து, கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் இறங்கி வந்தான்.

டிசம்பரில் லீவு கிடைத்தது. வண்டி ஏறும்போது, “நான் திரும்பி வரல” என்றான். “அண்ணனுக்கு ரெண்டு குழந்தைங்க. மலைக்குக் கூட்டிட்டுப் போற கம்பெனில அவன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க.”

“பைத்தியமாடா உனக்கு? நீயும் சாகணுமா?”

“அங்கதான பாய் அவன் இருக்கான்.”

பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவன் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவன் கேம்ப்புக்கு வந்தான். விசாரித்தேன். உயிரோடு இருக்கிறானாம், ஒவ்வொரு வருடமும் மலைக்குப் போகிறானாம். அந்தப் பிளவு வந்ததும் சுமையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவானாம். சத்தம் போட்டால் பனி சரியும் என்று கூட வருகிறவர்கள் திட்டுவார்களாம். ஆனாலும் கூப்பிடாமல் அவன் ஏணியில் கால் வைப்பதில்லையாம்.