பதினேழாம் கட்டில் கூப்பிட்டால் கேட்காது

"சார், பதினேழாம் பெட்டு பேஷண்ட் பெல்லு அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு, தானே எறங்கி விழப் பாத்தாரு! ஒடனே வாங்க!"

2007. கடலூர் மருத்துவமனை ஒன்றில் நர்ஸைக் கூப்பிட நாங்கள் போட்ட பெல்லைப் பற்றித்தான் அங்கிருந்து மேனேஜர் போனில் கத்தினார். 'நாங்கள்' என்பது பந்தா. கம்பெனியில் புரோகிராம் எழுத நான் ஒருவன்தான். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

பதினேழில் கலியமூர்த்தி அண்ணன். கடலுக்குப் போகிறவர், காலில் மாவுக்கட்டு. மனைவி மீன் விற்றுவிட்டுச் சாயங்காலம்தான் வருவார். அவருக்கு அப்பால் மூன்று கட்டிலும் காலி.

"ஒங்க பொட்டி என்னிய ஆளாவே மதிக்கல தம்பி," என்றார்.

ஸ்விட்ச் மாற்றினேன், வயர் மாற்றினேன், கடைசியில் பெல்லை இயக்கும் போர்டின் தலையில் இரண்டு தட்டினேன். எனக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்த நர்ஸ், பி.பி. பார்க்கும் மிஷினோடு வந்துவிட்டார்.

"பதினெட்டுல படுங்க சார். மயக்கம் வந்தா பெல்லு அடிங்க."

படுத்து அமுக்கினேன். சத்தமே இல்லை. பத்தொன்பது, இருபதும் ஊமை. பதினாறு வரை மட்டும் அடித்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

ஒரு கட்டிலுக்கு ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 நிற்க ஓர் இடம்; எல்லாம் int என்ற ஒரே எண்ணுக்குள். பட்டனை அமுக்கினால், 1-ஐக் கட்டில் எண்ணுக்குத் தக்கபடி இடதுபக்கம் நகர்த்தி அந்த பிட்டை ஏற்றவேண்டும். நான் டெஸ்ட் செய்த லேப்டாப்பில் int 32 பிட். போர்டில் இருந்த சிப்பில் 16தான். பதினேழாவது இடத்துக்குப் போன 1 ஓரம் தாண்டி விழுந்தது. மிச்சம் பூஜ்ஜியம். யாரும் கூப்பிடவில்லை என்று போர்டு நினைத்துக்கொண்டது.

அந்த int-ஐ, எந்தச் சிப்பிலும் 32 பிட்டாகவே இருக்கும் uint32_t ஆக்கினேன். அது மட்டும் போதாது. நகர்த்தும் அந்த 1-ம் 32 பிட்டாக இருக்கவேண்டும். அதையும் மாற்றி, புரோகிராமைச் சிப்பில் மறுபடி ஏற்றினேன். இதைப் படிக்கிற பிள்ளைகளே, int எவ்வளவு அகலம் என்று சிப்பைக் கேளுங்கள், லேப்டாப்பைக் கேட்காதீர்கள்.

"அமுக்குங்கண்ணே."

மணி அடித்தது. நர்ஸ் ஓடிவந்தார். "என்னண்ணே வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. நா இங்க இருக்கறது தெரியுதான்னு பாத்தேன்."

வேலை முடிந்துவிட்டது. இன்னும் டெஸ்ட் பாக்கி என்று புளுகிவிட்டு, அவர் மனைவி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்தில் என் ரூமிலும் யாரும் இல்லை.